சருகு மூட்டைய முதல்ல சேருங்க: வீட்டுக் குப்பையில உரம் பண்ண ஆரம்பிக்கிறவங்களுக்கு

வீட்டுல கம்போஸ்ட் போடணும்னு முடிவு பண்ண உடனே எல்லாரும் செய்யுற முதல் காரியம் ட்ரம் வாங்குறது. வாங்கிட்டு வந்து அன்னிக்கு நறுக்குன காய்கறித் தோல உள்ள போட்டு, மறுநாளும் போட்டு, அடுத்த நாளும் போட்டு, பத்தே நாள்ல நாத்தம் தாங்க முடியாம மொத்தத்தையும் தெருமுனை தொட்டியில கொட்டிட்டு "நமக்கு இது சரிப்பட்டு வராது"ன்னு விட்டுடுறாங்க. தாம்பரம் பக்கம் மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தப்ப நானும் இதேதான் பண்ணேன். கீழ் வீட்டு அக்கா நேரா மாடிக்கே வந்து "ஏம்மா, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்கா பாரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. நல்லது பண்ணணும்னு தானே ஆரம்பிச்சோம், இப்படி ஆயிடுச்சேன்னு.

அப்ப எனக்கு யாரும் சொல்லாத விஷயத்ததான் இப்ப உங்களுக்கு சொல்றேன். ட்ரம் அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல ஒரு மூட்டை காஞ்ச சருகு சேருங்க. அது கையில இல்லாம ஒரு வாழைப்பழத் தோல கூட உள்ள போடாதீங்க.

சருகு எதுக்கு

காய்கறி, பழம், கீரைத் தண்டு இதெல்லாம் ஈரக் குப்பை. அதுல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், கூட நைட்ரஜனும் நெறைய இருக்கும். சருகு, தேங்காநார், அட்டை, கடலைத்தோல் இதெல்லாம் காஞ்ச குப்பை, அதுல கார்பன் அதிகம். குப்பைய மக்க வைக்கிறது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிங்க, அதுங்களுக்கு இது ரெண்டும் வேணும், நமக்கு சோறும் வேணும் குழம்பும் வேணும்ங்கிற மாதிரி. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25ல இருந்து 30 பங்கு கார்பன்ங்கிறது கணக்கு. ஆனா இத வெச்சுக்கிட்டு யாரும் தராசத் தூக்க வேண்டாம், ஒரு கிண்ணம் ஈரக் குப்பை போட்டா ஒன்றரைல இருந்து ரெண்டு கிண்ணம் நொறுக்குன சருகு போடுங்க, கணக்கு ஏறக்குறைய தானா சரியாயிடும்.

சருகு செய்யுற இன்னொரு வேலை காத்துக்கு வழி விடுறது. வெறும் காய்கறித் தோல மட்டும் போட்டா அது தன் தண்ணியிலயே ஊறி, ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி, நடுவுல காத்தே போகாது. காத்து இல்லாத இடத்துல வேற வகை கிருமிங்க வந்து உக்காந்துக்கும், அதுங்க விடுற வாயுதான் அந்த அழுகுன முட்டை நாத்தம். மக்குறது வேற, அழுகுறது வேற. நம்ம ட்ரம்முல நடக்க வேண்டியது மக்குறது.

ஊர்க்குப்பைய மலையா குவிச்சு வெச்சிருக்கோமே, சென்னையில பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும், அங்க அடியில அமுங்கிப் போன சாப்பாட்டுக் கழிவும் இப்படி காத்தில்லாமதான் அழுகுது, மீத்தேன்ங்கிற எரியுற வாயு வருது, வெயில் காலத்துல தீப்பிடிக்குது. 2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி மேடு பத்திக்கிட்டு நாள்கணக்குல புகைஞ்சுது. அந்த மேடு இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல, அதே வருஷம் ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்த இடம், நீர்ப்பறவைங்க வந்து தங்குற இடம். நம்ம வீட்டு வெண்டைக்காக் காம்பு அங்க போய் சேராம இருக்கட்டும்னுதான் நான் திரும்ப ஆரம்பிச்சேன், உரம் வேணும்ங்கிறது எனக்கு ரெண்டாவதுதான்.

சருகு எங்க கிடைக்கும்

தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் தெருவெல்லாம் சருகுதான். வாதாமரம் செவசெவன்னு பழுத்து கொட்டும், அப்புறம் புங்கை, வேம்பு, அரசமரம். தெருவ கூட்டுற தூய்மைப் பணியாளர் அக்காகிட்ட முந்தின நாளே சொல்லி வெச்சீங்கன்னா சருக மட்டும் தனியா ஒதுக்கி வெப்பாங்க, அவங்களுக்கும் வண்டியில ஏத்துற சுமை குறையும். எங்க தெருவுல வர்ற அக்கா இப்பல்லாம் அவங்களே கேட்டைத் தட்டி "சருகு இருக்கு, சாக்கு குடும்மா"ன்னு கேக்குறாங்க. வாங்கினதும் ஒரு தடவ தரையில பரப்பிப் பாருங்க, பாக்குப் பொட்டலம், ஷாம்பு கவர், கண்ணாடித் துண்டு எதுனா இருக்கும், பொறுக்கி எடுத்துடுங்க.

வாதாமர இலை, பலா இலை மாதிரி தடிச்ச இலைய அப்படியே போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தாள் மாதிரி படிஞ்சுக்கும், மக்க ரொம்ப நாளாகும். அரிசிச் சாக்குல பாதி அளவுக்கு சருகு போட்டு, வாயக் கட்டி, தரையில படுக்கப் போட்டு செருப்புக் காலோட நல்லா மிதிங்க. பசங்க இருந்தா இந்த வேலைய அவங்ககிட்ட குடுங்க, குதிச்சு குதிச்சு செய்வாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு சாக்கு கால் சாக்கா சுருங்கிடும், நொறுங்குன சருகு இடமும் அடைக்காது, சீக்கிரமும் மக்கும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு நொறுக்குன சருகாவே மாசம் ரெண்டு சாக்கு ஆகும்னு வெச்சுக்கோங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சா காஞ்ச சருகு எங்க தேடுனாலும் கிடைக்காது, அதனால புரட்டாசிக்குள்ள மூணு மாசத்துக்கு வேண்டியத சேர்த்து மழைத்தண்ணி படாத இடத்துல வெச்சுடுங்க.

மரமே இல்லாத ஏரியாவா? கவலப்படாதீங்க, கடலை உரிச்ச தோல், தேங்கா உரிச்ச நார், கிழிச்ச அட்டைப்பெட்டி, செய்தித்தாள் எல்லாமே ஆகும். அட்டையில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் டேப்ப உரிச்சுடுங்க, பளபளன்னு இருக்கிற கல்யாணப் பத்திரிகை, விளம்பர நோட்டீஸ் வேண்டாம். நர்சரியில கோகோபீட் கட்டி, அதாவது தேங்காநார்த் தூள அழுத்திச் செஞ்ச கட்டி கிடைக்கும், உடனே ஆரம்பிக்கணும்னா அது வசதி, ஆனா மாசாமாசம் காசு குடுத்து வாங்கிட்டே இருக்கணும். மரத்தூள் வாங்குனா மரம் அறுக்கிற இடத்துல வாங்குங்க, பிளைவுட் வெட்டுன தூள்ல பசை கலந்திருக்கும், அது வேண்டாம். கரும்பு ஜூஸ் கடைச் சக்கைய ஒரு வாரம் வெயில்ல நல்லா காய வெச்சு போடலாம், பச்சையா போட்டீங்கன்னா எறும்பு ஊர்வலமே வரும்.

இப்ப ட்ரம்

ரெண்டு பேர் வீடுன்னா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் போதும், நாலஞ்சு பேர்னா 50, 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் ட்ரம். எது வாங்குனாலும் ரெண்டா வாங்குங்க. ஒண்ணு நிரம்பினதும் அத மூடி ஓரமா வெச்சுட்டு அடுத்ததுல போட ஆரம்பிக்கணும், முதல் ட்ரம்முக்கு மக்குறதுக்கு டைம் குடுக்கணும். ஒரே ட்ரம்முல மேல போட்டுக்கிட்டே அடியில எடுக்கலாம்னு நெனச்சா பழசும் புதுசும் கலந்து எப்பவுமே அரைகுறையாதான் இருக்கும். மூணு அடுக்கு மண்பானையா விக்கிறாங்க, பாக்க அழகு, மண்ணு ஈரத்த உறிஞ்சிக்கிறதால நாத்தமும் குறைவு, ஆனா விலை ஜாஸ்தி, ஒடஞ்சா போச்சு.

பெயிண்ட் பக்கெட்டா இருந்தா காலி பண்ணி நல்லா தேய்ச்சுக் கழுவி வெயில்ல காய விடுங்க. அப்புறம் சுத்திவர ஓட்டை போடணும். ட்ரில்லர் இருந்தா நல்லது, இல்லன்னா பழைய ஸ்க்ரூ ட்ரைவர அடுப்புல காய்ச்சி குத்தலாம், பிளாஸ்டிக் புகை வரும், அதனால இத வீட்டுக்குள்ள பண்ணாதீங்க, மாடியிலயோ வாசல்லயோ வெச்சு துணிய மூக்குல கட்டிக்கிட்டு பண்ணுங்க. சுண்டுவிரல விட சின்ன ஓட்டை, நாலு விரக்கடை இடைவெளி. பெருசா போட்டா சுண்டெலி வரும். அடியிலயும் ஏழெட்டு ஓட்டை போட்டு, ரெண்டு செங்கல் மேல தூக்கி வெச்சு, கீழ ஒரு பழைய தட்டு.

வைக்கிற இடம் நிழலா இருக்கணும், சாரல் அடிக்கக் கூடாது, முக்கியமா அடுப்படியில இருந்து பத்து அடிக்குள்ள கை எட்டுற இடமா இருந்தா நல்லது, தூரமா வெச்சா சோம்பல் வந்து ஒரு வாரத்துல விட்டுடுவோம்.

அடியில ஒடஞ்ச ஓடு இல்லன்னா கொட்டாங்குச்சி ஒரு வரிசை, அது மேல தேங்காநார், அது மேல ஒரு சாண் உயரத்துக்கு நொறுக்குன சருகு. இந்த ஒரு சாண் சருகுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மேல இருந்து இறங்குற தண்ணிய உறிஞ்சப்போறது இதுதான். இப்ப கிருமிங்கள உள்ள கூப்பிடணும். காஞ்ச சாணி ஒரு உருண்டையத் தண்ணியில கரைச்சு தெளிக்கலாம், இல்லன்னா நல்லா புளிச்ச மோர் ஒரு டம்ளர், தோட்டத்து மண்ணு ரெண்டு கை, யார் வீட்டுலயாவது ஏற்கனவே பண்ண உரம் இருந்தா அதுல ரெண்டு கை. இதுக்குன்னு பாக்கெட்ல பவுடர் விக்கிறாங்க, கட்டாயம் இல்ல. எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம், நான் பவுடர் ஆர்டர் பண்ணப்போறேன்னு சொன்னப்ப "ஏம்மா, எருக்குழிக்கு யாராச்சும் காசு குடுத்து பவுடர் வாங்கி போடுவாங்களா, சாணியக் கரைச்சு ஊத்து, மேல சாம்பலத் தூவு, மீதிய மண்ணு பாத்துக்கும்"னாங்க. அவங்க சொன்னது சரிதான், அன்னைல இருந்து நான் பவுடர் வாங்கினதே இல்ல.

தினமும் என்ன பண்ணணும்

சமையல்கட்டுல ஒரு வடிகூடை வெச்சுக்கோங்க, அடியில ஒரு தட்டு. காலைல இருந்து சேருற தோல், காம்பு எல்லாம் அதுல விழட்டும், சாயங்காலத்துக்குள்ள தண்ணி நல்லா வடிஞ்சிடும். இந்த ஒரு பழக்கம் பாதி பிரச்சினையத் தீர்த்துடும்.

நேத்து எங்க வீட்டுல சேர்ந்ததச் சொல்றேன். வெங்காயச் சருகு, அவரைக்கா நாரு, முருங்கக்கீரை உருவின குச்சி, டீத்தூள், ரெண்டு வாழைப்பழத் தோல், சப்பிப் போட்ட மாங்கொட்டை ஒண்ணு, சாமிக்கு போட்ட பழைய பூ. பூவுல இருந்த நூல உருவி எடுத்தேன், நூலு நைலானா இருந்தா மக்கவே மக்காது. வாழைத்தோல நாலா கிழிச்சேன். முருங்கக்குச்சிய விரல் நீளத்துக்கு ஒடிச்சேன். மாங்கொட்டைய ஓரமா வெச்சுட்டேன், அது வருஷக்கணக்குல அப்படியே கெடக்கும், மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, பனங்கொட்டை, இளநீர்க் கூடு எல்லாம் ட்ரம்முல மக்கப் போட ஆகாது. மீதிய ட்ரம்முல பரப்பி, மேல சருகு போட்டு, கீழ இருக்கிற ஈரக் குப்பை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மூடினேன். இவ்ளோதான், மூணு நிமிஷ வேலை. தெரியாத அளவுக்கு மூடணும்ங்கிறத மனசுல வெச்சுக்கோங்க, பழ ஈ முட்டை வைக்க இடம் தேடுறப்ப மேல காஞ்ச சருகு மட்டும்தான் அதுக்குத் தெரியணும்.

மீந்த சாப்பாடு போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சமா சோறு, இட்லி, சப்பாத்தி போடலாம், உதிர்த்துப் போட்டு ரெண்டு மடங்கு சருகு போடுங்க. சாம்பார், கூட்டு மீந்தா தண்ணிய வடிச்சிட்டு காய மட்டும் ஒரு தடவ அலசிப் போடுங்க, உப்பும் எண்ணெயும் சேரச் சேர கடைசியில உரத்துல உப்பு ஏறும், செடிக்கு நல்லதில்ல. ஊறுகா வேண்டவே வேண்டாம். மீன் செதில், கறி, எலும்பு, பால் சாமான் எல்லாம் புதுசா ஆரம்பிக்கிறவங்க தொடாதீங்க, நாத்தம் எடுக்கும், எலி வரும், பூனை ட்ரம்ம உருட்டும். முட்டை ஓடு தாராளமா போடலாம், கழுவி காய வெச்சு நுணுக்கிப் போடுங்க. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் கொஞ்சமா. டீ பேக்ல சிலது பிளாஸ்டிக் இழை, பிச்சு தூள மட்டும் போடுங்க. நாய் பூனை கழிவு, டயப்பர், நாப்கின் எல்லாம் கண்டிப்பா கூடாது, அதெல்லாம் தனியாக் கட்டிக் குடுக்க வேண்டிய குப்பை, திடக்கழிவு விதியிலயே நாப்கின், டயப்பரத் தனியா சுத்திக் குடுக்கணும்னு இருக்கு.

வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு குச்சியாலயோ சின்ன மண்வெட்டியாலயோ அடி வரைக்கும் கிளறி விடுங்க. கிளறும்போது உள்ள கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்கும். முதல் தடவ அந்த சூட்டத் தொட்டுப் பாக்குறப்ப ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, உள்ள ஏதோ உயிரோட வேலை செய்யுதுன்னு கையிலயே தெரியும்.

புட்டு மாவு பதம்

ஈரம் எவ்ளோ இருக்கணும்ங்கிறதுக்கு 50ல இருந்து 60 சதவீதம்னு எழுதியிருப்பாங்க. அத எதுல அளக்குறது? நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இதுக்கு மீட்டரே வேண்டாம், புட்டுக்கு மாவு பிசிறுற பதம்தான் இது. ட்ரம்முக்குள்ள இருந்து ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிங்க. பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், பிழிஞ்சா விரலிடுக்குல ஒரு சொட்டு எட்டிப் பாக்கலாம், ஒழுகக் கூடாது. ஒழுகுச்சுன்னா சருகு போட்டு கிளறி ஒரு நாள் மூடியத் தெறந்து வைங்க. உருண்டையே பிடிக்காம பொலபொலன்னு கொட்டுச்சுன்னா தண்ணி தெளிங்க, அரிசி களைஞ்ச தண்ணியா இருந்தா இன்னும் நல்லது. சித்திரை வெயில்ல ஓரமெல்லாம் காஞ்சிடும், கார்த்திகையில நெதம் சருகு கூட போட வேண்டியிருக்கும். கைக்குப் பழகுற வரைக்கும் வாரம் ஒரு தடவ இந்தப் பதம் பாருங்க.

தப்பா போனா

அழுகுன முட்டை நாத்தம்னா ஈரம் ஜாஸ்தி, காத்து கம்மி. சருகு ரெண்டு மடங்கு போட்டு அடிவரைக்கும் கிளறுங்க, ரெண்டு மூணு நாள்ல மாறிடும், மாறும் வரைக்கும் புதுசா குப்பை போடாதீங்க. கண்ண எரிக்கிற மாதிரி நெடி அடிச்சா, மாட்டுக்கொட்டாயில மூத்திர நெடி அடிக்குமே அப்படி, அது அம்மோனியா, நைட்ரஜன் ஜாஸ்தின்னு அர்த்தம், அதுக்கும் சருகுதான். நான் சொன்னேன்ல, எல்லாத்துக்கும் சருகுதான். எறும்பு வந்துச்சுன்னா உள்ள காஞ்சிருக்குன்னு அர்த்தம், தண்ணி தெளிச்சு கிளறுனா அதுங்களே கிளம்பிடும், எறும்புப் பவுடர் மட்டும் தூவிடாதீங்க. மேல வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தா நல்ல சேதிதான், காஞ்ச சருக ஒடைக்கிறதே அதுதான்.

புழு பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நெறைய பேரு அதப் பாத்துட்டுதான் ஓடிடுறாங்க. ஒரு நாள் மூடியத் தெறந்தா அரை அங்குல நீளத்துக்கு, தட்டையா, வரிவரியா, பழுப்பு நெறத்துல புழு நூத்துக்கணக்குல நெளியும், சரசரன்னு சத்தம் கூட கேக்கும். அது கருப்புப் படைவீரன் ஈன்னு சொல்ற ஈயோட புழு. கடிக்காது, வீட்டு ஈ மாதிரி நம்ம தட்டுல வந்து மொய்க்காது, குப்பைய அவ்ளோ வேகமா தின்னு தீர்க்கும், சில ஊர்ல இதையே வளர்த்து கோழிக்கும் மீனுக்கும் தீவனமா குடுக்குறாங்க. அதுங்க வந்திருக்குன்னா ஈரம் கொஞ்சம் கூட இருக்குன்னும் அர்த்தம். பாக்க அருவருப்பா இருந்தா சருகு நெறைய போட்டு ஈரத்தக் கொறைங்க, தானா கொறஞ்சிடும். கெரசின், டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதையும் ஊத்திடாதீங்க, புழுவோட சேர்த்து நமக்கு வேலை செய்யுற கிருமியும் செத்துடும், ட்ரம்ம திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கீழ தட்டுல வடியுற காப்பி கலர் தண்ணிய அப்படியே செடிக்கு ஊத்தாதீங்க, வேரு கருகும். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி கலந்து பூச்செடிக்கு மண்ணுல ஊத்துங்க, பச்சையா சாப்பிடுற கீரைக்கு வேண்டாம். நாள் கணக்கா சேர்த்தும் வெக்காதீங்க, அதுவே நாத்தத்துக்கும் கொசுவுக்கும் இடம்.

தோட்டக் குப்பைக்கு வேற வழி

தனி வீடு, மரம் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு கூடை சருகு விழுதுன்னா அது ட்ரம்முல அடங்காது. இப்ப நாங்க இருக்கிற வீட்டுல ஒரு மாமரமும் ஒரு தென்னையும் இருக்கு. கோழி வலை பத்து அடி வாங்கி வட்டமா வளைச்சு கம்பியால கட்டி, மாமரத்து நிழல்ல வெறும் மண்ணு மேல நிறுத்தி வெச்சிருக்கோம், மூணு அடி அகலம் மூணு அடி உயரம் வரும். அந்த அளவு முக்கியம், அத விட சின்னதா இருந்தா உள்ள சூடு தங்காது. சருகு ஒரு அடி, அது மேல புல்லு, வெட்டுன கொடி, வாழ மட்டை நறுக்குனது நாலு விரக்கடை, சாணித்தண்ணி தெளிப்பு, திரும்ப சருகு, இப்படியே அடுக்கடுக்கா. சரியா அமைஞ்சா நாலஞ்சு நாள்ல நடுவுல 55, 60 டிகிரி வரைக்கும் போகும், கைய விட்டா சுடும், களை விதையெல்லாம் அந்த சூட்டுல செத்துடும். சின்ன ட்ரம்முல அவ்ளோ சூடு வராது, அதனாலதான் ட்ரம் உரம் போட்ட தொட்டியில தக்காளி, பூசணி எல்லாம் தானா முளைக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வலைய உருவி பக்கத்துல நட்டு, வெளியில இருந்தது உள்ள போற மாதிரி மாத்திக் கொட்டுங்க. இதே மாதிரி அடுக்கி, மாத்திக் கொட்டுற முறையத்தான் 1920கள்ல ஆல்பர்ட் ஹோவர்ட்னு ஒரு வெள்ளக்கார விஞ்ஞானி இந்தூர்ல வெச்சு செஞ்சு பாத்து, 1931ல புத்தகமா எழுதி உலகத்துக்கு சொன்னாரு, நம்ம நாட்டு விவசாயிங்க செய்யுறதப் பாத்து நெறைய கத்துக்கிட்டேன்னு அவரே சொல்லியிருக்காரு.

கோரைப்புல்ல மட்டும் இதுல போடாதீங்க. கிழங்கு மண்ணுக்குள்ள எவ்ளோ நாள் கெடந்தாலும் முளைக்கும், உரத்தோட சேர்ந்து தோட்டம் பூரா போயிடும். வெயில்ல தார் ரோட்டுலயோ சிமெண்ட் தரையிலயோ பத்து நாள் போட்டு கருக விட்டுட்டு அப்புறம் போடலாம். பார்த்தீனியம் பூ வெக்கிறதுக்கு முன்னாடின்னா சரி, கையில உறை போட்டு புடுங்குங்க. பூச்சி மருந்து அடிச்ச செடி, நோய் வந்த தக்காளிச் செடி வேண்டாம்.

தென்னை இருக்கிற வீட்டுக்காரங்க இதக் கவனிங்க. குவியல மாத்திக் கொட்டுறப்ப கட்டைவிரல் தடிமன்ல, வெள்ளையா, வில்லு மாதிரி வளைஞ்சு சுருண்டு கெடக்குற புழு இருக்கான்னு பாருங்க, தலை மட்டும் செம்பழுப்பா இருக்கும். அது காண்டாமிருக வண்டோட புழு. எருக்குழியிலதான் வளரும், வளந்து வண்டானதும் தென்னங்குருத்தத் துளைச்சிடும், அப்புறம் மட்டை விரியுறப்ப கத்திரிக்கோல்ல வெட்டுன மாதிரி முக்கோணமா வெட்டு தெரியும். எங்க தென்னையில அந்த வெட்டப் பாத்த அப்புறம்தான் குவியலக் கிளறிப் பாத்தோம், பதினோரு புழு இருந்துச்சு. அன்னைல இருந்து மாத்திக் கொட்டுறப்பல்லாம் பொறுக்கி எடுத்துடுறோம், பின்னாடி வீட்டுக் கோழிங்க வரிசையா வந்து நிக்கும்.

சருக எரிக்காதீங்க. இத கெஞ்சிக் கேக்குறேன். சாயங்காலம் தெருவுல அங்கங்க குவிச்சு கொளுத்திட்டு உள்ள போயிடுறாங்க, அந்தப் புகையில பக்கத்து வீட்டுக் கொழந்தை இருமுது, வீசிங் இருக்கிற பெரியவங்க ஜன்னல மூடிட்டு புழுக்கத்துல கெடக்காங்க. தெருவுல குப்பை எரிக்கக் கூடாதுன்னு சட்டமும் இருக்கு. எரிச்சா மிஞ்சுறது ஒரு கை சாம்பல், மக்க வெச்சா ஒரு கூடை உரம். உங்களுக்கு எடமில்லன்னா சாக்குல கட்டி உங்க தெருவுல கம்போஸ்ட் போடுறவங்களுக்கு குடுங்க, சந்தோஷமா வாங்கிப்பாங்க, நானே வாங்கிப்பேன்.

எப்ப எடுக்கலாம்

ட்ரம் நிரம்பினதும் மேல சருகு போட்டு மூடி, பத்து நாளைக்கு ஒரு தடவ கிளறி, பதம் பாத்து விடுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு 45 நாள்ல இருந்து ரெண்டு மாசம், மழைக்காலம்னா இன்னும் கூட. நிரம்பினப்ப இருந்தது மக்கி கால்வாசியா எறங்கிடும், பயப்படாதீங்க, அதுல பாதிக்கு மேல தண்ணியும் காத்தும்தான் போயிருக்கு. கருப்பா, பொலபொலன்னு, சூடு இல்லாம, என்ன போட்டோம்னு அடையாளம் தெரியாம இருந்தா ரெடி. மோந்து பாருங்க, முதல் மழை விழுந்த மண்ணு வாசனை வரும், ரெண்டு இடத்துலயும் அந்த வாசனைய உண்டாக்குறது ஒரே வகைக் கிருமிங்கதான். சந்தேகமா இருந்தா ஒரு சின்ன தட்டுல அந்த உரத்தப் போட்டு பத்து வெந்தயம் ஊனிப் பாருங்க, மூணு நாலு நாள்ல எட்டு ஒன்பது முளைச்சா நல்லா மக்கியிருக்கு. முளைக்காம ஊறி அழுகுச்சுன்னா இன்னும் ரெண்டு வாரம் விடுங்க. அரைகுறையா மக்குனத செடிக்கு போட்டா அது மக்குறதுக்காக மண்ணுல இருக்கிற நைட்ரஜனையே இழுத்துக்கும், இலை மஞ்சளாயிடும்.

ரெடியானத நிழல்ல ஒரு நாள் ஆற விட்டு சல்லடையில சலிங்க, மணல் சலிக்கிற சல்லடை போதும். சல்லடை மேல நிக்கிற குச்சி, நாரு எல்லாம் வேஸ்ட் இல்ல. புதுசா தொட்டி ரெடி பண்றீங்கன்னா மண்ணு ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, இந்த உரம் ஒரு பங்கு. ஏற்கனவே இருக்கிற தொட்டிக்கு மாசம் ரெண்டு கை, வேர் ஒடையாம மேல் மண்ணக் கிளறிப் போட்டு தண்ணி விடுங்க. மாமரம், கொய்யா மாதிரி மரத்துக்கு அடித்தண்டுல குவிக்காதீங்க, உச்சி வெயில்ல நிழல் விழுற ஓரத்துலதான் உறிஞ்சுற வேரு இருக்கு, அங்க வட்டமா போட்டு மண்ணால மூடுங்க.

காலியான ட்ரம்ம கழுவாதீங்க. ஓரத்துல ஒட்டியிருக்கிறது அப்படியே இருக்கட்டும். அடியில ஓடு, நாரு, ஒரு சாண் சருகு, அது மேல சல்லடையில நின்ன குச்சி, நாரு எல்லாத்தையும் போட்டு, புது உரத்துலயே ரெண்டு கை அள்ளித் தூவுங்க. இந்த தடவ சாணியும் வேண்டாம் மோரும் வேண்டாம். சருகு சாக்கு எவ்ளோ மீதி இருக்குன்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க.